போர்மேன் சிவபாண்டியின் சட்டம்

பயம் விட்டுப்போன ஒருவரிடம் பிரேக்கைப் பார்க்கக் கொடுக்கலாமா? விருதுநகரில் ஜெய்லானியின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவர்களுக்கு வண்டி சரியானால் போதும். ஆனால் அங்கே வேலை பார்க்கும் சிவபாண்டியைக் கொஞ்ச காலம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் போகாது. எது ஆபத்து என்று அவருக்குத் தெரியும். தெரிந்தது எதுவும் உறைக்காது. உறைக்காத அறிவை எவ்வளவு தூரம் நம்புவது என்பதற்கு அவருடைய வாழ்க்கையில் பதில் இருப்பதாகவும் சொல்ல முடியாது.

ஆனைக்குட்டத்தைத் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேனாக இருந்தவர். மனைவி மாரித்தாய்க்கும் அங்கேயே வேலை. பெட்டி ஒட்டும் பகுதியில் இருந்தவளை ஒரு சீசனில் ஆள் பற்றாமல் போனதால் மருந்து செலுத்தும் அறைக்கு மாற்றினார்கள். யாரை எந்த அறைக்கு அனுப்புவது என்று பார்ப்பது போர்மேன் வேலை. அந்த அறை ஒரு மத்தியானம் வெடித்தது. உராய்வாக இருக்கலாம், யாருடைய உடம்பிலிருந்தாவது கிளம்பிய பொறியாக இருக்கலாம் என்றார்கள் வந்து பார்த்தவர்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

சிவபாண்டி அழவில்லை. அழுகை வரும் என்று அவரும் காத்திருந்தார், மற்றவர்களும் காத்திருந்தார்கள். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட தாடை போல உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. காரியம் முடிந்ததும் கம்பெனிக்குப் போய்ச் சட்டங்களாகப் போட்டார். அறைக்குள் நுழையும் முன், உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்க, செம்புத் தகட்டை ஒரு கையால் தொட்டது போதாது, இரண்டு கையாலும் தொட வேண்டும். நைலான் சேலை கட்டி வரக் கூடாது. கேட்டைத் தாண்டும் எந்த வண்டியும் பின்னால் தரையைத் தொடும்படி இரும்புச் சங்கிலி கட்டியிருக்க வேண்டும். வண்டியில் சேரும் மின்சாரம் அதன் வழியாக மண்ணில் இறங்கிவிடும். இதையெல்லாம் கேட் சுவரில் சிவப்புப் பெயிண்டால் எழுதவைத்தார். ஒருநாள் காலையில் சட்டையை மாட்டியவர் அதைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு கேட்டுப் பக்கம் போகவே இல்லை.

ஜெய்லானி மிளகாய் வத்தல் வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் குடோனில் இருக்க, தும்மல் தாங்காமல் இவர் மட்டும் வண்டித் தொழிலுக்கு வந்தார். குடோனுக்கு வந்துபோகும் லாரிகளுக்கு லைட் வயர் இழுக்க ஓர் ஆள் வேண்டும் என்று சிவபாண்டியைச் சேர்த்துக்கொண்டார். பிறகு பேட்டரி ஆட்டோ வந்தது, பேட்டரி கார் வந்தது. சிவபாண்டி மதுரைக்குப் போய்ப் பழகிக்கொண்டு வந்தார். காருக்குள் ஆளைக் கொல்லும் மின்சாரம் ஓடும் ஆரஞ்சு நிற வயர்களைத் தொட வேண்டிய நாளில் ஜெய்லானி ஷட்டருக்கு வெளியே நின்றுகொள்வார். சிவபாண்டி ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போவார். கையுறை போட்டது போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததால்.

அவர் பெரிய மெக்கானிக் இல்லை. கை வேகம் உள்ளவர்கள் அந்த ரோட்டிலேயே நாலைந்து பேர் உண்டு. இவர் மெதுவாகப் பார்ப்பார், வரிசையாகப் பார்ப்பார், பார்த்ததைத் திரும்பவும் பார்ப்பார். பட்டாசுக் கம்பெனியில் பழகிய உடம்பு அப்படி. அதைத் திறமை என்று சொல்வதற்குத் தயக்கமாக இருக்கிறது.

தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கையில், ஒரு சனிக்கிழமை காலையில், மகள் ஓவியாவும் மருமகன் முனியராஜும் தங்கள் வெள்ளை நிறப் பேட்டரி காரில் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள். வடக்கே இருந்து ரயிலில் வரும் பட்டாசு வியாபாரிகளைக் கம்பெனிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது முனியராஜின் தொழில்.

“மாமா, மறுபடியும் லைட்டு வந்துருச்சு” என்றான் இறங்கும்போதே. “மஞ்ச லைட்டு வரும். கொஞ்ச நேரத்துல பிரேக்குன்னு சேப்பு லைட்டும் சேந்து வரும்.”

“எப்ப வருது மாப்ள?”

“மேடு பள்ளத்துல ஏறி எறங்குனா வருது. ஆப் பண்ணிப் போட்டா சில நேரம் போயிருது. லைட்டு எரியுறதக்கூட விடுங்க. முன்னெல்லாம் ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தாலே, பின்னால இருந்து ஒரு ஆளு பிடிச்சு இழுக்குற மாதிரி வண்டி மட்டுப்படும். லைட்டு வந்துட்டா அது இல்ல. வழுக்கிக்கிட்டே போகுது. திருத்தங்கல் ரயில்வே கேட்டுல முன்னால நின்ன வண்டியில கொண்டுபோயி விட்டிருப்பேன்.”

“கல்யாணம் ஆன ஆளு மாதிரி ஆயிருச்சுலே ஒன் வண்டி. கால எடுத்தாலும் நிக்கல, கைய எடுத்தாலும் நிக்கல” என்றார் ஜெய்லானி.

“ஒங்க வீட்டுல யாரு பேச்ச யாரு கேக்காகன்னு அத்தைக்கிட்ட கேட்டுச் சொல்லவா பாய்?” என்றாள் ஓவியா.

“ஏ புள்ள, வாய மூடிக்கிட்டு டீயக் குடி.”

காரை விற்றவர்களின் சர்வீஸ் சென்டருக்கு ஏற்கெனவே இரண்டு தடவை போய்வந்திருந்தார்கள். பின்பக்க இடது சக்கரத்தின் வேகத்தைப் பார்த்துச் சொல்லும் சென்சார் போய்விட்டது என்று அங்கே மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் திரும்ப லைட் வந்தது. திரும்பவும் மாற்றினார்கள். இப்போது மூன்றாவது தடவை. பிரேக் கம்ப்யூட்டரையே கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், பதினைந்து நாளாவது ஆகும் என்றிருக்கிறார்கள்.

“பதினஞ்சு நாளு விட முடியாதுப்பா” என்றாள் ஓவியா. “திங்கக்கிழம பார்ட்டி வருது. இவரு போகலேன்னா கம்பெனியில வேற வண்டிய வச்சுக்கிருவாக. அப்புறம் சீசன் பூரா இவரு வீட்டுலதான்.” அப்பாவைப் பார்த்தாள். “நானும் கம்பெனிக்கு வாரேன்னு பேரு குடுத்திருக்கேன். வண்டி ஓடுனா வரலேன்னு சொல்லிருவேன். ஓடலேன்னா திங்கக்கிழமையில இருந்து போறேன்.”

“என்ன வேல?” என்றார் சிவபாண்டி.

“பெட்டி ஒட்டுறதுதான்னு சொல்றாக.”

ஜெய்லானி டீ கிளாஸைக் கீழே வைத்தார். சிவபாண்டியின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. பானெட்டைத் திறங்க மாப்ள என்றார் சிவபாண்டி.

பிரேக் ஆயில் அளவு சரியாக இருந்தது. நான்கு சக்கரங்களையும் கழற்றி பிரேக் கட்டைகளைப் பார்த்தார், தேய்மானம் இல்லை. லைட்டுகளுக்குக் கரண்டு கொடுக்கும் சின்ன பேட்டரியைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஸ்கேனரை மாட்டியபோது அதுவும் சர்வீஸ் சென்டர் சொன்னதையே சொன்னது: பின்பக்கம், இடது சக்கரம், தகவல் விட்டுவிட்டு வருகிறது. அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சக்கரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டால் அது லைட்டைப் போட்டுவிட்டு, மோட்டாரால் வண்டியை இழுத்துப் பிடிக்கும் வேலையையும் நிறுத்திக்கொள்ளும். தெரியாத சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் வண்டி சுழன்றுவிடும் என்று அதற்குப் பயம் வைத்திருக்கிறார்கள். முனியராஜுக்கு வண்டி வழுக்கிப் போனது இதனால்தான்.

சென்சார் போய்விட்டது என்பது சரி. ஏன் போய்க்கொண்டே இருக்கிறது என்பதுதான் பாக்கி.

சிவபாண்டி வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொன்னார். ஸ்கேனரை ஓவியாவின் கையில் கொடுத்து, இடது பின்சக்கரத்தின் வேகத்தை மட்டும் படிக்கச் சொன்னார். கீழே நின்று சக்கரத்தைக் கையால் சுற்றினார்.

“மூணு. மூணு. நாலு. மூணு.”

சுற்றிக்கொண்டே சென்சாரிலிருந்து போகும் வயரைப் பிடித்து விரல்களால் நகர்ந்துகொண்டு வந்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில், அச்சுக்கட்டையின் மேல், வயரைத் தாங்கிப் பிடிக்க ஒரு சின்ன இரும்புப் பட்டை இருந்தது. அந்த இடத்தில் வயரை லேசாக அசைத்தார்.

“நாலு. ஸீரோ. ஸீரோப்பா.”

அசைப்பதை நிறுத்தினார்.

“மூணு.”

டார்ச்சை அடித்தார். வயரின் மேல்தோல் ஒரு பக்கமாக அறுந்து உள்ளே செம்பு தெரிந்தது. அறுந்த இடம் வழவழவென்று இருந்தது. எலி கடித்தால் இப்படி இருக்காது. கல் அடித்தாலும் இருக்காது. எதுவோ ஒரே இடத்தில் ஆடி ஆடி உரசியிருக்கிறது. பக்கத்திலிருந்த இரும்புப் பட்டையில் கம்பெனி போடாத ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டையைச் சுற்றிலும் பெயிண்ட் போய்ப் பளபளவென்று மின்னியது.

“இங்கன எதத் தொங்க விட்டீக மாப்ள?”

முனியராஜ் டிக்கிப் பக்கம் பார்த்தான்.

“ஏலே, கேக்காருல்ல?” என்றார் ஜெய்லானி.

முனியராஜ் டிக்கியைத் திறந்து, விரிப்புக்குக் கீழே இருந்து ஒரு சாக்கை எடுத்தான். சாக்கினுள்ளே முழ நீளத்துக்கு ஓர் இரும்புச் சங்கிலி, மேல் முனையில் கொக்கியோடு. “எர்த்து சங்கிலி மாமா. வெல்டிங் பட்டறையில ஓட்ட போட்டு மாட்டிக்கிட்டேன். பம்பர்ல மாட்டலாம்னா அது பூரா பிளாஸ்டிக்கு. இரும்பு தெரிஞ்ச எடம் அது ஒண்ணுதான்.”

“சர்வீஸ்ல இதப் பாக்கலையா அவுக?” என்றார் சிவபாண்டி.

“அங்கன போறப்போ கழட்டி வச்சுருவேன். ஓட்ட போட்டது தெரிஞ்சா வாரண்டி கெடையாதும்பாக. திரும்பி வந்து மாட்டிக்கிருவேன்.”

ஜெய்லானி தலையில் அடித்துக்கொண்டார். “ஆஸ்பத்திரிக்குப் போறப்போ கால்ல குத்துன முள்ளப் பிடுங்கி சட்டப் பையில வச்சுக்கிட்டுப் போவான் போலுக்க. வீட்டுக்கு வந்ததும் திரும்பக் குத்திக்கிருவான். எந்தக் கிறுக்கன்லே கார்ல சங்கிலி கேட்டான்?”

“கம்பெனிக் கேட்டுலதான். லாரிக்கு மட்டும் பாத்துக்கிட்டு இருந்தாக. இது கரண்டு வண்டின்னதும் சங்கிலி இல்லாம உள்ள விடவே மாட்டேன்னுட்டாரு வாட்ச்மேன். பார்ட்டிய கேட்டுல எறக்கிவிட்டா அம்புட்டு தூரம் வெயில்ல நடப்பாகளா?”

“மாமனாரு இந்த வேலதானே பாக்காரு. அவருகிட்ட கேட்டிருந்தா இரும்பு எங்கன இருக்குன்னு சொல்லியிருப்பாருல்ல?”

முனியராஜ் ஓவியாவைப் பார்த்தான்.

“நாந்தான் சொல்ல வேணாம்னேன்” என்றாள் அவள். ஸ்கேனரைப் பார்த்தபடி பேசினாள். “அம்மா இருந்த கம்பெனிதான்ப்பா. இவருக்கு அங்கனதான் வேல. நான் பேரு குடுத்ததும் அங்கனதான்.”

லிஃப்டின் மோட்டார் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. ரோட்டில் வத்தல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று போனது. ஜெய்லானி அடக்க முடியாமல் இரண்டு மூன்று தும்மல் போட்டார். அவருடைய கண்களில் தண்ணீர் வந்தது அதனாலா என்று சொல்ல முடியாது.

“ம்” என்றார் சிவபாண்டி. கையைத் துடைத்துக்கொண்டு, “புது சென்சார் வயரோட மதுரையில கெடைக்கும். பஸ்ஸுல போட்டுவிடச் சொல்லணும் பாய்” என்றார்.

“போர்மேனு! அந்தப் புள்ள என்ன சொல்லுது, நீ என்ன சொல்லுத?”

“சொன்னது கேட்டுச்சு பாய்.”

கேட்டது. அது எங்கேயோ போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடத்திலிருந்து ஒன்றும் திரும்பி வரவில்லை. மகள் அந்த அறைகளுக்கு நடுவே நடப்பதை மனதில் கொண்டுவந்து பார்த்தார். மாரித்தாயும் பெட்டி ஒட்டும் வேலைக்குத்தான் போனாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும், இரண்டு பாத்திரங்கள் மாதிரி அவை சும்மா இருந்தன. இப்போது பயம் வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. மறந்துபோன பெயர் வாய்க்குள் வரும் என்று நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஓட்டை போட்ட இரும்புப் பட்டையைக் கழற்றி, விளிம்பை அரம் போட்டு மழுக்கினார்.

சாயங்காலம் பஸ்ஸில் சென்சார் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பொருத்தி, வயரைப் பழைய வழியிலேயே கொண்டுபோய், உரசல் பட்ட இடத்தில் கூடுதலாக ஒரு ரப்பர் உறை போட்டார். முனியராஜ் ஓட்ட, அவர் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு சாத்தூர் போகும் நாலுவழிச் சாலைக்குப் போனார்கள். வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் சிவப்பு லைட் போனது. அதற்குப் பின்னால் மஞ்சள் லைட்டும் போனது. காலை எடுங்க என்றார். முனியராஜ் எடுத்தான். வண்டி பின்னால் இழுபட்டு மட்டுப்பட்டது.

“வந்துருச்சு மாமா!”

“மேடு பள்ளம் உள்ள ரோட்டுல போங்க.”

ஆமத்தூர்ப் பக்கம் குண்டும் குழியுமான ஒரு ரோட்டில் போய்த் திரும்பினார்கள். லைட் வரவில்லை. இன்னொரு தடவை போகச் சொன்னார். அப்போதும் வரவில்லை. வண்டி சரி என்று அவர் சொன்னது, உப்பு சரி என்று சொல்லும் குரலில் இருந்தது.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினார்கள். ஆனால் வேலை முடியவில்லை. சங்கிலி இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள். கேட் தாண்டாத வண்டியால் பயனில்லை.

“அந்தச் சங்கிலி தேவையே இல்ல” என்றார் சிவபாண்டி. “டயர் ரப்பர்லயே கரி கலந்திருக்கு. வண்டியில சேர்ற கரண்டு அதுவழியாவே எறங்கிரும். பேட்டரிக்கும் பாடிக்கும் சம்பந்தமே இல்லாமத்தான் செஞ்சிருக்கான்.”

“அத வாட்ச்மேன்கிட்ட யாரு சொல்றது மாமா? போர்மேன் போட்ட சட்டம், போர்மேன் வந்து சொன்னாத்தான் மாத்துவேங்காரு அவரு.”

“எந்தப் போர்மேனு?” என்றார் ஜெய்லானி.

“நாந்தான்” என்றார் சிவபாண்டி.

திங்கட்கிழமை காலையில் மூன்று பேரும் காரில் போனார்கள். வண்டியை உள்ளே விட்டால் முனியராஜ் விருதுநகர் ஸ்டேஷனுக்குத் திரும்பிப்போய்ப் பார்ட்டியைக் கூட்டிவர வேண்டும். விடாவிட்டால் ஓவியா அப்படியே இறங்கி வேலைக்குப் போய்விடுவாள்; பின்சீட்டில் மதியச் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்திருந்தாள், பருத்திச் சேலை கட்டியிருந்தாள். கொண்டை ஊசிகூட இல்லாமல் தலைமுடியை நூலால் கட்டியிருந்தாள். அது, இரும்பு எதுவும் ஆகாத மருந்து அறைக்குப் போகிறவர்களின் தலைக்கட்டு என்பது சிவபாண்டிக்குத் தெரியும். கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

கேட்டில் சோணைமுத்து இருந்தார். அந்தக் காலத்திலிருந்து அவர்தான் வாட்ச்மேன். சிவபாண்டி இறங்கியதும் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“போர்மேன் அண்ணாச்சி! வாங்க, வாங்க. எப்படி இருக்கீக? ஆளே மெலிஞ்சு போயிட்டீக.”

“இருக்கேன் சோணைமுத்து.”

“நீங்க போட்டது ஒண்ண விடல அண்ணாச்சி. அந்தா பாருங்க, பெயிண்டு மங்க மங்க நாந்தான் மேல எழுதுவேன். மொதலாளி மகன் கார நிப்பாட்டினேன்னு ஒருநாளு ஏச்சு வாங்கினேன்.”

சுவரில் எழுத்துகள் புதிதாக இருந்தன. சிவபாண்டி படித்தார். தாம் எழுதவைத்த வாசகம்தான். ஒரு சொல்கூட மாறவில்லை.

“சங்கிலிச் சட்டத்த எடுத்துரு” என்றார்.

“அண்ணாச்சி?”

“அது வேண்டியதில்ல. அன்னைக்கு எனக்குத் தெரியாது. இப்ப இதே வேலதான் பாக்கேன். கார்ல அது வயரத்தான் அறுக்கும். பொறிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. செம்புத் தகட விடாதே. சேலைச் சட்டமும் இருக்கட்டும். சங்கிலி மட்டும் வேணாம்.”

சோணைமுத்து சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே மேனேஜருக்குப் போன் போட்டார். போர்மேன் சிவபாண்டியே வந்து சொல்கிறார் என்று இரண்டு தடவை சொன்னார். போனை வைத்துவிட்டுக் கூண்டுக்குள் போய்ச் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக வந்தார். சுவரில் அந்த ஒரு வரியின் மேல் வெள்ளை அடித்தார். ஈரத்தில் சிவப்பு கொஞ்சம் தெரிந்தது. இன்னொரு தடவை அடித்தார்.

“இம்புட்டு நாளு வேண்டாத சங்கிலிக்கா அம்புட்டு பேருகூடச் சண்ட போட்டேன்?” என்றார் வருத்தத்தோடு.

“ஆமா.”

“நீங்க சொன்னாச் சரி.”

ஓவியா கேட்டுப் பக்கம் போய், வேலைக்குக் கொடுத்திருந்த பேரை எடுத்துவிடும்படி சோணைமுத்துவிடம் சொன்னாள். “நல்லது தாயி, போயிட்டு வா” என்றார் அவர், வேலைக்கு வருகிறவளிடம் சொல்வது போலவே. அவள் திரும்பி வந்து தூக்கைத் திறந்து, “இனிமே இத யாரு திங்கிறது? அப்பா, நீங்க கொண்டுபோங்க” என்றாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது. முனியராஜ் வண்டியைத் திருப்பினான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

“கொஞ்சம் நிப்பாட்டுங்க மாப்ள” என்றார் சிவபாண்டி.

டிக்கியைத் திறக்கச் சொன்னார். சாக்கிலிருந்து சங்கிலியை எடுத்தார். பின்பக்கப் பம்பரில் ஒரு சின்ன மூடி இருந்தது. வண்டி நின்றுபோனால் கட்டி இழுப்பதற்கான திருகு வளையம் அதற்குள் போய் இரும்பில் மாட்டும். மூடியைக் கழற்றினார். கருவிப் பையிலிருந்து வளையத்தை எடுத்துத் திருகி இறுக்கினார். அங்கே பக்கத்தில் எந்த வயரும் இல்லை. சங்கிலியை அதில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொக்கியை மாட்டினார். கையால் ஆட்டிப் பார்த்தார். எதன் மேலும் படவில்லை. கடைசிக் கண்ணி தரைக்குக் கொஞ்சம் மேலே நின்றது. கொக்கியைக் கழற்றி, சுற்றைப் பிரித்து மாட்டினார். இப்போது தரையைத் தொட்டது.

சோணைமுத்து சுண்ணாம்பு மட்டையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாமா, இப்பத்தானே வேணாம்னு...” என்றான் முனியராஜ்.

“அப்பா?” என்றாள் ஓவியா.

“வேண்டியதில்லதான். இருக்கட்டும். ரயிலுக்கு நேரமாச்சு. கெளம்புங்க” என்றார் சிவபாண்டி. முழங்காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டு, தூக்கை வாங்கிக்கொண்டு, காரில் ஏறாமல் பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.